முற்றத்தில் முப்பத்தெட்டுச் சோடிச் செருப்பு

படலையைத் தள்ளியதும் கண்ணில் பட்டவை செருப்புகள்தான். எண்ணிப் பார்த்தேன், 38 சோடி. பெரிசு, சின்னன், சின்னனிலும் சின்னன். ஒரு சோடியில் இடது கால் முயல், வலது கால் பூனை. அவ்வளவிலும் உரும்பிராய்ச் செம்பாட்டு மண் அப்பிக் கிடந்தது. உள்ளேயிருந்து உடுக்குச் சத்தம் வந்தது. அதற்கு மேலே ஒரு குழந்தையின் அழுகை. அதற்கும் மேலே ஒரு மாமியின் குரல்: "அழட்டும், அழட்டும். இன்னும் தொடங்கேல்லைத்தானே!"

வாருங்கள், நீங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு வாருங்கள். இன்றைக்கு இந்த வீட்டில் ஒலிப்பதிவு. பலாலி வீதியின் வாகன இரைச்சல் காற்றுவாக்கில் வந்து போகிற ஓர் ஒழுங்கையில், ஓடு மாற்றிய பழைய நாற்சார் வீடு. நடுமுற்றத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை இருத்தி, அவர்களுக்கு நடுவே நின்று 12 நாட்டார் பாடல்களைப் பாடிப் பதிவுசெய்கிறார்கள். பிள்ளைகளும் வீட்டாரும் சேர்ந்திருந்து கேட்பதற்கான பாட்டுகள். ஆடிப்பிறப்புக்கு முன்னர் முடித்துவிட வேண்டுமாம். முடிந்த பாட்டைக் கேட்கப் பலபேர் இருப்பார்கள். அது பிறக்கிற இடத்தைப் பின்வளவுப் பக்கத்தால் நுழைந்து பார்க்க எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

முதலில் குசினிக்குள் போவோம். ஒலிப்பதிவுக் கூடம் அதுதான். திருவலையை மூலைக்குத் தள்ளி, உரலைக் கவிழ்த்து, அதன்மேல் பலகை போட்டு, பலகையில் லப்டொப்பை வைத்திருக்கிறார் ஒலிப்பதிவாளர். எல்லாருக்கும் அவர் 'தம்பி'. பக்கத்துத் தட்டில் மஞ்சள்தூள் போத்தல். அதன் மூடி இறுகியிருக்கிறதா என்று தம்பி அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார். அடுப்பில் பெரிய கிடாரத்தில் ஏதோ கொதிக்கிறது. "மாமி, கொதிக்கிற சத்தம் கேக்குது!" என்கிறார் தம்பி, காதிலிருந்து ஹெட்போனை எடுக்காமலே. "கேக்கட்டும், கூழ்ப்பாட்டுக்குக் கூழ் கொதிக்கத்தானே வேணும்" என்று பதில் வருகிறது.

வயர்கள் யன்னல் கம்பிக்கூடாக இறங்கி, விறாந்தை ஓரமாக ஓடி, பாய்களுக்குக் கீழே மறைகின்றன. ஒலிவாங்கிகள் 6. மூன்றுக்கு ஒழுங்கான தாங்கி உண்டு. இரண்டைக் கதியால் தடியில் தென்னங்கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். கடைசி ஒன்று உடுப்புக் காயப்போடும் கொடியிலிருந்து வௌவாலைப்போலத் தலைகீழாகத் தொங்குகிறது. இது சோளகக் காற்றுக் காலம். பின்வளவு வாழையிலைகள் ஓயாமல் படபடக்கின்றன, காற்று ஒலிவாங்கிக்குள் புகுந்து ஊதுகிறது. அதற்குத் தம்பி கண்ட வழியைப் பாருங்கள்: ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் ஒரு குழந்தைக் கம்பளித் தொப்பி! நுவரெலியாச் சுற்றுலாவுக்கு வாங்கி, ஒருநாள் போட்டு, பிறகு அலுமாரியில் கிடந்த தொப்பிகள். சிவப்புத் தொப்பிக்கு இரண்டு காதும் ஒரு குஞ்சமும் இருக்கின்றன. பிள்ளைகள் அந்த ஒலிவாங்கியை 'குட்டித் தம்பி' என்று கூப்பிட்டு, போகும்போதும் வரும்போதும் தடவிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு தடவலும் குசினிக்குள் இடிமுழக்கமாகக் கேட்கிறது.

ஒலிப்பதிவு என்றால் "மூச்சு விடாதே" என்பார்கள் என்றுதான் நினைத்து வந்தேன். இங்கே மாமி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்று, சேலைத் தலைப்பால் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள், பாட்டு உங்களிட்டைக் கேள்வி கேக்கும். நீங்கள் பதில் சொல்ல வேணும். சொல்லாமல் விட்டால் பாட்டு அந்த இடத்திலேயே நிண்டுபோகும்." பிறகு சற்று யோசித்து, "எல்லாரும் இப்ப ஒருக்கால் மூக்கை உறிஞ்சுங்கோ. பாட்டுக்கு நடுவிலை உறிஞ்சிறேல்லை" என்றார். முப்பத்தெட்டு மூக்குகள் ஒன்றாக உறிஞ்சின. அந்தச் சத்தத்தையும் தம்பி பதிந்துவிட்டார்.

முதற்பாட்டு மடியில் இருக்கிற குஞ்சுகளுக்கானது. குழந்தையின் உள்ளங்கையில் நண்டு ஊரவைத்து, முழங்கையால் ஏறி, அக்குளில் போய்க் கிச்சுக் காட்டி முடியும் விளையாட்டு நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதைப் பதிவதில் எவ்வளவு பாடு! ஒன்பது தாய்மார், ஒன்பது குழந்தைகள். நண்டு எல்லாக் கைகளிலும் ஒரே வேகத்தில் ஊரவேண்டும், ஒன்பது சிரிப்பும் ஒரே நேரத்தில் வெடிக்கவேண்டும். முதற்தடவை இரண்டு குழந்தைகள் நண்டு மணிக்கட்டுக்கு வரமுன்னரே சிரித்துவிட்டார்கள். இரண்டாந்தடவை ஒருவன் தாயின் விரலைக் கடித்தான். மூன்றாந்தடவை எல்லாம் சரியாக வந்தது. ஒரேயொரு கைக்குழந்தை மட்டும் சிரிக்காமல், நண்டு எங்கே போனது என்று தன் அக்குளைத் தேடியது. அதைப் பார்த்துத் தாய்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதுதான்! இதை வைப்பம்" என்று குசினியிலிருந்து தம்பி கத்தினார். இறுவட்டில் கேட்கப்போவது ஒன்பது தாய்மாரின் சிரிப்பு. காரணம் நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்தது துலாப்பாட்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, தோட்டத்துக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்துதான். வாட்டர் பம்ப் வருவதற்கு முன்னர் துலாவின்மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே இன்னொருவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். விடியப்புறத்து இறைப்பில் அலுப்புத் தெரியாமலிருக்கப் பாட்டு. முற்றத்துப் பிள்ளைகளில் ஒருவர்கூட மிதிதுலாவைக் கண்டதில்லை. "அப்ப ஷீசோவோ?" என்று ஒருவன் கேட்டான்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர். கையில் உடுக்கு, தோளில் சால்வை. விறாந்தையில் கிடந்த நீண்ட வாங்கை இழுத்து வரச்செய்து, இரண்டு சிறுமிகளை அதன்மேல் ஏற்றினார். "இஞ்சாலை நாலு அடி, உஞ்சாலை நாலு அடி. காலைப் பாக்காதையுங்கோ பிள்ளை, தண்ணியைப் பாருங்கோ." இல்லாத தண்ணீரை அவர்கள் பார்த்தார்கள். வாங்கு 'கிறீச்' என்றது. திரும்பி நடந்தபோது மறுபடி 'கிறீச்'. அண்ணாவியாரின் முகம் மலர்ந்துபோயிற்று. "அட, துலாச் சத்தம்!" தச்சாசாரியாரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த வாங்காம் அது. தம்பி ஓடிவந்து ஓர் ஒலிவாங்கியை வாங்கின் காலடியில் படுக்கவைத்தார். இனி அந்த வாங்கைத் திருத்த யாரும் விடமாட்டார்கள்.

அண்ணாவியார் ஓர் அடி எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் வாங்கிப் பாடினார்கள். எடுத்துக்கொடுப்பவர் மூச்செடுக்கும் இடைவெளியில்தான் மற்றவரின் பாட்டு இருக்கிறது. கூத்தில் இதற்கென்றே ஆட்கள் உண்டு, பிற்பாட்டுக்காரர் என்போம். பாட்டின் பாதி அவர்களுடையது. உரும்பிராய்ப் பிள்ளைகள் இன்றைக்கு உடம்பெல்லாம் வியர்க்க வியர்க்கப் பிற்பாட்டுக்காரர்.

நாலாவது தடவை, பாட்டு உச்சத்தில் நிற்கிறது, எல்லாம் பொருந்தி வருகிறது, அப்போது ஒழுங்கை முனையிலிருந்து பீத்தோவன் வந்தார். பாண் ஓட்டோ! இலங்கை முழுக்க அதற்கு 'ஃபியூர் எலிசே' மெட்டுத்தானே அடையாளம். இருநூறு வருடத்துக்கு முந்திய பியானோ இசை ஒலிபெருக்கியில் கீச்சிட்டுக்கொண்டு வர, துலாப்பாட்டு அந்தரத்தில் நின்றது. "மாலு பணிஸ்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பதினைந்து பேர் படலையில் நின்றார்கள். மாமி கோபப்படவில்லை. "அந்தாளுக்கும் பாட்டு இருக்கு, அந்தாளும் கூப்பிடுறார், பிள்ளையளும் பதில் சொல்லுகினம்" என்று சிரித்துக்கொண்டே பேர்ஸை எடுத்தார்.

அதுவே இடைவேளையாயிற்று. கிடாரம் இறங்கியது. ஆடிக்கூழ்! ஆடி பிறக்க இன்னும் நாள் கிடந்தாலும் இது 'வெள்ளோட்டம்' என்றார் தூணோரம் இருந்த அம்மம்மா ஒருவர். அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி; பல்லில் தேங்காய்ச் சொட்டு அகப்படும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆறு வயதாகிக்கொண்டிருந்தது. பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் குடிக்கக் கொடுத்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அது புதுசு, சட்டையெல்லாம் கூழ்.

கூழ் குடித்தபடியே பேச்சு நவாலிக்குப் போனது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றி எழுதிய சிறுவர் பாட்டை இந்த முற்றத்தில் பாடமில்லாதவர் இல்லை, அம்மம்மாவுக்கும் பேர்த்திக்கும் ஒரே பாட்டு. புலவர் 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். 'தங்கத் தாத்தா' என்பது ஊர் அவருக்குக் கொடுத்த பெயர். "புலவர் எழுதினது நாட்டார் பாட்டில்லைத்தான். ஆனால் ஆர் எழுதினதெண்டு தெரியாமலே பிள்ளையள் பாடத் தொடங்கிட்டினம். அதுக்குமேலை ஒரு பாட்டுக்கு என்ன மரியாதை வேணும்?" என்றார் மாமி. பக்கத்து மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியில் படித்து, பள்ளிக்கூடங்களில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் அவர். அவருடைய மேசையில் பேராசிரியர் இ. பாலசுந்தரத்தின் ஈழத்து நாட்டார் பாடல் ஆய்வுநூல் கிடக்கிறது, அட்டை பிய்ந்து, பக்கங்களுக்கிடையில் கறிவேப்பிலைக் காம்பு அடையாளமாக.

அண்ணாவியாருக்கு ஊர்ப்பெருமை பொங்கியது. நீ. மரியசேவியர் அடிகளார் திருமறைக் கலாமன்றத்தை 1965இல் தொடங்கியது இந்த உரும்பிராயில்தான் என்றார். யாழ்ப்பாணத்தில் குழந்தைகளுக்கென்று நாடகம் எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கத்தைப் பற்றிப் பேசினார். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய அவரின் 'கூடி விளையாடு பாப்பா'வில் பிள்ளைகள் ஆடிப் பாடியதைச் சொல்லும்போதே அண்ணாவியாரின் விரல்கள் உடுக்கில் தாளம் தொட்டன. தம்பி தன் பங்குக்கு லப்டொப்பில் ஒன்றைப் போட்டுக் காட்டினார்: 1963இல் வெளிவந்த பீற் சீகரின் இசைத்தட்டு, நியூயோர்க் ரவுண் ஹோலில் பிள்ளைகளுக்குப் பாடிய கச்சேரி. சபையிலிருந்த பிள்ளைகளும் சேர்ந்து பாடுவது அதில் கேட்கிறது. சிக்காகோவின் எலா ஜென்கின்ஸ் 1957இல் போட்ட முதல் தட்டும் அப்படித்தானாம், அவர் எடுத்துக்கொடுக்கப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அண்ணாவியார் ஹெட்போனின் ஒரு காதை வாங்கி வைத்துக் கேட்டார். அரை நிமிடம் ஆகவில்லை, முகம் விரிந்தது. "பிற்பாட்டு! அங்கையும் பிற்பாட்டு!"

கூழ்க் கை கழுவி எல்லாரும் இருந்தபோது கரண்ட் நின்றது. குசினியில் தம்பி தலையில் கைவைத்தார். லப்டொப் பற்றரியில் ஓடும், மற்றச் சாமான்கள் ஓடாது. அண்ணாவியார் கொஞ்சமும் அசையவில்லை. "சைக்கிளைக் கொண்டு வாங்கோ தம்பி, நான் மிதிக்கிறன்" என்றார். பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. விளக்கவேண்டி வந்தது: 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், பல வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் தொடுத்து றேடியோ கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும். "எங்கட அண்ணை சுத்தினால் பாட்டு ஓடும், நான் சுத்தினால் பாட்டு நித்திரை கொள்ளும்" என்று மாமி பாடிக் காட்டினார், குரலை இழுத்து இழுத்துத் தாழ்த்தி. முற்றம் புரண்டு சிரித்தது. உடனே ஒருவன் எழுந்து, இல்லாத பெடலைச் சுற்றத் தொடங்கினான். வேகமாகச் சுற்றினால் மற்றவர்கள் வேகமாகப் பாடவேண்டும், மெதுவாகச் சுற்றினால் இழுக்கவேண்டும். கரண்ட் வரும்வரைக்கும் அதுவே விளையாட்டு. வந்த பிறகும் நிற்கவில்லை. தம்பி அதையும் பதிந்தார். பட்டியலில் 12 பாட்டுத்தான் இருந்தது. பதின்மூன்றாவது என் கண்முன்னே பிறந்தது!

கடைசியாகக் காத்தான் கூத்து மெட்டு. இந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் விடிய விடிய நடந்த கூத்து. கதை பெரிது, காத்தவராயன் கழுவேறும்வரை போகும். பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்டது பாலக் காத்தான் வருகிற துண்டை மட்டும். எட்டு வயதில் அண்ணாவியார் போட்ட வேடம் அது. "மேடையிலை நித்திரையாப் போனனான். அப்பா உடுக்கை என்ரை காதுக்குள்ளை அடிச்சு எழுப்பினவர். நான் திடுக்கிட்டுத் துள்ளினன். சனம் நல்ல ஆட்டம் எண்டு கைதட்டிச்சுது!" இப்போது அந்தத் துள்ளு நடையை அவர் காட்ட, பிள்ளைகள் பின்னால் வரிசையாகத் துள்ளினார்கள். பாய் நழுவியது, வயர் இழுபட்டது, குட்டித் தம்பி சாய்ந்தான், இரண்டு பேர் பாய்ந்து தாங்கினார்கள்.

அந்த உடுக்கை நான் வாங்கிப் பார்த்தேன். தகப்பனாருடையது. இடை மெலிந்த மரவுடல் கைபட்டுக் கைபட்டு வழுவழுத்துக் கறுத்திருக்கிறது. இடைக்கயிற்றை இறுக்கிப் பிடித்தால் குரல் ஏறும், விட்டால் இறங்கும். ஒரு பக்கத்துக் கயிறு மட்டும் நீலநிற நைலோன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மாவின் சேலைக்குள் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனதாம். வழியில் பழங்கயிறு அறுந்தது. கொடிகாமத்தில் கிடைத்த கயிற்றைப் போட்டது இன்றைக்கும் அப்படியே. "சத்தம் நல்லா இருக்கு, பிறகென்னத்துக்கு மாத்துவான்?" என்று திருப்பி வாங்கிக்கொண்டார்.

பாட்டுத் தொடங்கியது. ஆர்மோனியம், தாளம், உடுக்கு. பிள்ளைகள் இப்போது தேர்ந்துவிட்டார்கள், இடைவெளி வரும் முன்னரே வாய் திறந்து காத்திருக்கிறார்கள். நடுவில் கருணாகரப் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து மணி கேட்டது. அது தாளத்தோடு பொருந்திப்போக, மாமி கண்ணை மூடிச் சிரித்தபடி பாடினார். அப்போது வானத்தில் இரைச்சல். விமானம், பலாலியில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகிறது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு இது இங்கே பழகிப்போன சத்தம். குசினியில் தம்பி "நிப்பாட்டுவம்" என்று கையைத் தூக்கிவிட்டார்.

நான் அம்மம்மாவைப் பார்த்தேன். தூணோரம் இருந்தவர், இரைச்சல் கேட்ட அந்த நொடியிலேயே பேர்த்தியை இழுத்து மடிக்குள் அணைத்திருந்தார். கை தானாகச் செய்த வேலை. மடிக்குள் இருந்தது யார் தெரியுமா? முயல்-பூனைச் செருப்புக்காரி. அவள் அம்மம்மாவின் கைக்கடியால் தலையை நீட்டி, வானத்தைப் பார்த்துக் கையசைத்து, தன் பிற்பாட்டைத் தவறவிடாமல் உச்சக்குரலில் பாடினாள். அதைக் கேட்டு முற்றமே வானத்தைப் பார்த்துப் பாடியது. அம்மம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. கொஞ்சநேரத்தில் அவரது கையும் தாளம் போட்டது. தூக்கிய கையைத் தம்பி ஓசைப்படாமல் இறக்கினார்.

"திருப்பி எடுப்பமோ?" என்று பாட்டு முடிந்ததும் யாரோ கேட்டார். "விமானச் சத்தம் விழுந்திட்டுதே..." அண்ணாவியார் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "வேண்டாம் தம்பி. இது கிடக்கட்டும்."

வெயில் சாய்ந்தது. தொப்பிகள் கழன்றன, வயர்கள் சுருண்டன. வாங்கு 'கிறீச்' என்றபடி விறாந்தைக்குப் போனது. கூழ்க் கிடாரத்தை வழித்து முடிக்க நாலுபேர் போட்டி. தாய்மார் பிள்ளைகளைப் பொறுக்கிச் செருப்புத் தேடினார்கள். முயல் அகப்பட்டது, பூனையைக் காணவில்லை. தேடி முடியும்வரை அவளைச் சும்மா இருத்துவதற்காகத் தம்பி உரலடியில் நிறுத்தி, தலையைவிடப் பெரிதான ஹெட்போனை மாட்டிவிட்டு, கடைசிப் பாட்டைப் போட்டார்.

நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். கண் விரிந்தது. உதடு அசைந்தது. பிறகு, குசினியின் அமைதிக்குள், யாரும் கேட்காமல், யாரும் எடுத்துக்கொடுக்காமல், தன் பதிலை அவள் முழுக்குரலில் பாடினாள். கொஞ்சம் நிறுத்தினாள். இடைவெளி வந்திருக்க வேண்டும். மறுபடி பாடினாள்.

தம்பி மாமியைப் பார்த்தார். மாமி அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "சரி, பாட்டு நிக்கேல்லை" என்றார்.